மறுக்க முடியாதவர் தன்னார்வலர் அல்லர்

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு உலக அளவிலான விருது ஒன்றை வழங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் வீடுவீடாகச் சென்றவர்கள், ஊரகக் குடும்பங்களைப் பொது மருத்துவ அமைப்போடு இணைத்தவர்கள் என்று அவர்கள் போற்றப்பட்டனர். ஏறத்தாழ 10 லட்சம் பெண்களுக்குச் சேர்த்து ஒரு விருது. மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், 2025 பிப்ரவரி 10 அன்று, அந்தப் பெண்களில் ஒரு பகுதியினர் திருவனந்தபுரத்தில் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் இரவுபகல் போராட்டத்தைத் தொடங்கினர். மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ரூபாயாக உயர்த்த வேண்டும், ஓய்வுபெறும்போது 5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பவை அவர்களுடைய முதன்மைக் கோரிக்கைகள். ஐம்பதாம் நாள் தலைமுடியை வெட்டி எதிர்ப்பைத் தெரிவித்தனர். போராட்டம் 260 நாள்களைக் கடந்தது. அதன் முடிவில் மாநில அரசின் மதிப்பூதியம் 1,000 ரூபாய் உயர்ந்தது.

விருதுக்கும் வீதிக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை நிதிப் பற்றாக்குறை என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. இடையில் ஒரு சொல் நிற்கிறது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகள் ஆஷாவை ஊதியமோ மதிப்பூதியமோ பெறாத கௌரவத் தன்னார்வலர் என்று வரையறுத்தன. அவருடைய வழக்கமான பிழைப்புக்கு இடையூறு நேராத வகையில் பணி அமைக்கப்படும் என்றும் அவை உறுதி கூறின. இருபது ஆண்டுகளாக அந்த உறுதியில் எதுவும் மிஞ்சவில்லை. வரையறை மட்டும் உயிரோடு இருக்கிறது. ஏனெனில் அது அரசுக்குப் பணத்தை மிச்சப்படுத்தித் தருகிறது.

தன்னார்வலர் என்ற சொல்லைச் சற்றே பிரித்துப் பார்ப்பது தகும். ஆர்வலர் பழைய சொல். திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில், முதற்குறளிலேயே, அன்புடையவர் என்னும் பொருளில் அது வருகிறது. அதன் முன் நிற்கும் ‘தன்’ தற்சுட்டுப் பெயரின் வேற்றுமை அடி. அது எழுவாயையே திரும்பிச் சுட்டும், வேறொருவரைச் சுட்டாது. ஆகவே இந்தச் சொல்லின் இலக்கணமே ஒரு நிபந்தனையை விதிக்கிறது: ஆர்வம் எவருடையதோ அவரே அதைத் தொடங்கவும் நிறுத்தவும் உரிமை உடையவர். ஒருவருடைய ஆர்வத்தை இன்னொருவர் அரசாணையில் எழுதி வெளியிட முடியாது. அப்படி வெளியிடப்பட்டால் அது ஆணை, ஆர்வம் அன்று.

ஆஷாவின் பணி ஆணைகளால் ஆனது. ஊரகப் பகுதியில் ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒருவர் என்பது கணக்கு. கருவுற்ற பெண்களைப் பதிவு செய்தல், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதல், பேறுகாலத்தில் மருத்துவமனைக்கு உடன் செல்லுதல், பிறந்த குழந்தையை ஆறு வாரங்களுக்குள் குறித்த நாள்களில் வீட்டில் சென்று பார்த்தல், தடுப்பூசி நாளன்று தாய்மாரைத் திரட்டுதல், காசநோயாளி மருந்தை இடைநிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுதல், கணக்கெடுப்புகள், பதிவேடுகள், இப்போது கைப்பேசிச் செயலிகள் என்று பட்டியல் நீள்கிறது. பிறந்த குழந்தைக்கான அத்தனை வீட்டுப் பார்வைகளையும் முடித்த பிறகு கிடைப்பது 250 ரூபாய். மருத்துவமனைப் பேறு குறைவாக உள்ள மாநிலங்களின் ஊரகப் பகுதியில் ஒரு பேறுகாலம் முழுதும் துணைநின்று அதை மருத்துவமனையில் நிகழச் செய்தால் 600 ரூபாய்; அதிலும் பாதி, பேறுக்கு முந்தைய பரிசோதனைகள் நடந்தால்தான். கொரோனாக் காலத்தில் நோய்த்தொற்றுக்கு இடையில் வீடுவீடாகச் சென்றதற்கு ஒன்றிய அரசு அளித்த கூடுதல் ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.

இவற்றுள் எதையேனும் அவர் மறுக்கலாமா? தன்னார்வத் தொண்டை அளக்கப் பெரிய கோட்பாடு தேவையில்லை; இந்த ஒரு கேள்வி போதும். இந்த மாதம் உடல் நலமில்லை, கணக்கெடுப்புக்கு வர இயலாது என்று ஒரு நூலக வாசகர் வட்டத்தின் உறுப்பினர் சொன்னால் கூட்டம் அவரைவிட்டு நடக்கும். அடுத்த மாதம் அவர் வருவார். ஆஷா அவ்வாறு சொன்னால் தொகை வெட்டப்படும், விளக்கம் கேட்கப்படும், மீண்டும் நேர்ந்தால் பெயர் நீக்கப்படும். உழைப்புப் புள்ளிவிவர இயலாளர்களின் பன்னாட்டு மாநாடு 2013இல் தன்னார்வ உழைப்பை வரையறுத்தபோது ‘கட்டாயமற்ற’ என்ற அடைமொழியைச் சேர்த்தது அலங்காரத்துக்கு அன்று. அந்த அடைமொழி விலகினால் எஞ்சுவது உழைப்பு மட்டுமே. உழைப்புக்கு உரியது ஊதியம்.

உறவுப் பெயர்கள் இந்த ஏற்பாட்டின் இரண்டாம் அடுக்கு. சத்தீஸ்கரில் ஆஷாவுக்கு முன்பே, 2002இல், தொடங்கிய திட்டத்தில் சமூக சுகாதாரப் பணியாளரின் பெயர் மிதானின். சடங்கு முறையில் பூணும் தோழமையைக் குறிக்கும் வட்டாரச் சொல் அது. ஜார்க்கண்டில் அவர் சகியா. அங்கும் பொருள் தோழி. வட மாநிலங்கள் பலவற்றில் அங்கன்வாடிப் பணியாளர் சேவிகா, உதவியாளர் சகாயிகா. கால்நடை வளர்ப்புக்கு உதவுபவர் பசு சகி, வேளாண்மைக்கு உதவுபவர் கிருஷி சகி, வங்கிக் கணக்குக்கு உதவுபவர் வங்கி சகி. ட்ரோன் இயக்கும் பெண்ணும் அரசின் பட்டியலில் தீதி, அதாவது அக்கா. மித்ரா என்றால் நண்பர். உத்தரப் பிரதேசத்தில் ஆசிரியர் பணியிடத்தில் அமர்த்தப்பட்ட சிட்சா மித்ராக்களும் நண்பர்களே. அவர்கள் உதவி ஆசிரியர்களாக முறைப்படுத்தப்பட்டதை 2017இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆசிரியர் நிலையை இழந்தனர்.

தோழி, அக்கா, நண்பர் ஆகிய சொற்கள் இனியவை. ஆனால் தோழியிடம் சம்பளப் பட்டியல் கேட்பது நாகரிகம் ஆகாது என்பதும் அவற்றோடு சேர்ந்தே வருகிறது. இதே மொழியில் ஆட்சிப் பணியின் பெயரைப் பார்க்க வேண்டும். ஐ.ஏ.எஸ். என்பதன் இந்திப் பெயர் பாரதீய பிரசாசனிக் சேவா. அங்கும் சேவை, இங்கும் சேவை. ஒரு சேவைக்கு ஊதியக் குழு, வீட்டு வாடகைப்படி, பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அந்தச் சேவைக்குப் பணம் கொடுத்தால் தொண்டுள்ளம் கெட்டுவிடும் என்று எந்தக் கருத்தரங்கிலும் கட்டுரை வாசிக்கப்படுவதில்லை. சேவா என்ற சொல்லுக்கு ஓய்வூதியம் உண்டு; அதிலிருந்து பிறந்த சேவிகா என்ற பெண்பால் சொல்லுக்கு மதிப்பு மட்டும் உண்டு. இதை மொழியின் விபத்து என்று கொள்வதற்கு மிகுந்த அப்பாவித்தனம் வேண்டும்.

பெண்பால் என்பது இங்கே தற்செயலாக வந்து சேரவில்லை. ஆஷாவாகத் தேர்வு பெறுபவர் அந்த ஊரில் வாழும் பெண்ணாக, திருமணமானவராகவோ கணவனை இழந்தவராகவோ மணமுறிவு பெற்றவராகவோ இருப்பதே விரும்பத்தக்கது என்கின்றன வழிகாட்டு நெறிகள். மணமாகாத மகள் ஒருநாள் ஊரைவிட்டுப் போய்விடுவாள். மருமகள் போகமாட்டாள் என்பதே இதன் உட்கிடை. குடும்பத்துக்குள் கூலியின்றி நடக்கும் பராமரிப்பை ஊர் எல்லைவரை நீட்டிக்கொள்ள அரசு கண்ட எளிய வழி இது. குழந்தை, முதியவர், நோயாளி ஆகியோரைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் இயல்பு என்று வீடு சொல்கிறது. அதையே அரசு சமூகப் பங்கேற்பு என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது.

சட்டத்தின் வரலாறும் ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய வழக்காகவே நீள்கிறது. 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே உழைப்பைப் பெறுவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும் கூடக் கட்டாயம்தான் என்பது அத்தீர்ப்பின் சாரம். தொழிலாளர் என்று அழைக்கப்படும் எவருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். ஆகவே அவரைத் தொழிலாளர் என்று அழைக்காமல் இருப்பதே ஆதாயம்.

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தன் அங்கன்வாடிப் பணியாளர்களைக் கௌரவப் பணியாளர் என்றே இன்றும் குறிக்கிறது. 2006இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் அரசுப் பதவி எதையும் வகிக்கவில்லை என்றது. 2013இல் கூடிய 45ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும், குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நிறைவேறவில்லை. 2022 ஏப்ரலில், குஜராத்திலிருந்து சென்ற வழக்கில், அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடைச் சட்டத்தின்கீழ் வருவர், அவர்கள் பெறும் மதிப்பூதியம் அச்சட்டத்தின் பொருளில் ஊதியமே என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

இந்தக் கடைசித் தீர்ப்பைத் தமிழில் படிப்பவர் ஒரு முரணைக் கவனிக்கலாம். ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது மதிப்பு மட்டுமே. தமிழாக்கமாகிய மதிப்பூதியத்தில் ஊதியமும் ஒளிந்திருக்கிறது. நீதிமன்றத்துக்கு 2022 வரை தேவைப்பட்ட உண்மையை மொழிபெயர்ப்பாளர் அறியாமலே எழுதிவைத்துவிட்டார். தொகையைப் பார்த்தால் மதிப்பும் ஊதியமும் ஒருங்கே நாணும். 2018 அக்டோபரிலிருந்து அங்கன்வாடிப் பணியாளருக்கான ஒன்றிய அரசின் கணக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. கூட்டுத்தொகை எவ்வளவு என்பது பணியாளர் எந்த மாநிலத்தில் பிறந்தார் என்பதைப் பொறுத்த விதி.

தன்னார்வலர் என்ற சொல் இன்னொரு வசதியையும் தருகிறது: பணிநீக்கம் செய்யாமலே ஒருவரை இல்லாமல் ஆக்கிவிடலாம். ஆந்திரப் பிரதேசத்தில் 2019 ஆகஸ்டில் கிராம, வார்டு தன்னார்வலர் முறை தொடங்கப்பட்டது. சுமார் 50 வீடுகளுக்கு ஒருவர், மாதம் 5,000 ரூபாய். மாதத்தின் முதல் நாளில் முதியோர் உதவித்தொகையை வீட்டு வாசலில் கொண்டு சேர்ப்பது அவர்களுடைய புகழ்பெற்ற பணி. 2024 தேர்தலின்போது அவர்கள் உதவித்தொகை வழங்கத் தேர்தல் ஆணையம் தடைவிதித்தது. ஆட்சி மாறியது. மாறிய ஆட்சியில் உதவித்தொகையை கிராம, வார்டு செயலக ஊழியர்கள் வீடுதேடிச் சென்று வழங்கினர். பணி தொடர்ந்தது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அமைப்பிலிருந்து கரைந்துபோயினர். ஆளும் கட்சியின் ஆள்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருந்ததா என்பது வேறு விவாதம். வேலையிலிருந்து நீக்கப்பட்டோம் என்று சொல்லக்கூட அவர்களுக்குச் சட்டத்தில் சொல் இல்லை என்பதே இங்கே பொருட்படுத்த வேண்டியது.

உரிமை இல்லாத இடத்தில் பொறுப்பும் இருப்பதில்லை. மேற்கு வங்கத்தில் காவல் துறையோடு இணைந்து இயங்கும் ‘சிவிக் வாலண்டியர்’களில் ஒருவர் கொல்கத்தா மருத்துவமனைப் படுகொலை வழக்கில் சிக்கியபின், அவர்கள் எந்தச் சட்டத்தின்கீழ், எந்தச் சரிபார்ப்போடு நியமிக்கப்படுகின்றனர் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநில அரசைக் கேட்டது. கேள்வி நியாயமானது. தன்னார்வலர் என்ற பெயரில் அதிகாரத்தைக் கையளிக்கும் அரசு, பணியாளருக்கான பாதுகாப்பைப் பறிக்கும்போது பொதுமக்களுக்கான பாதுகாப்பையும் சேர்த்தே பறிக்கிறது.

தமிழ்நாடும் இந்தச் சொல்வழக்குக்கு விலக்கு அன்று. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலைநேர வகுப்பெடுத்தவர்கள் மாதம் 1,000 ரூபாய் பெற்ற தன்னார்வலர்கள். அதே ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுதேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். ஆனால் இதே தமிழ்நாடு சத்துணவு, அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குகிறது. அது போதாது, முழுமையான காலமுறை ஊதியம் வேண்டும் என்று அவர்கள் தொடர்ந்து போராடுகின்றனர். எனினும் இது ஒன்றை மெய்ப்பிக்கிறது: இத்தகைய பணியை ஊதியக் கட்டமைப்புக்குள் கொண்டுவருவது இயலாத செயல் அன்று, அரசு விரும்பாத செயல்.

இவ்வளவும் தன்னார்வத் தொண்டுக்கு எதிரான வாதம் என்று எவரேனும் கொண்டால் அது தலைகீழான வாசிப்பு. உண்மையான தன்னார்வம் எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆஷாக்கள் போராடிய அதே கேரளத்தில் அது இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புச் சிகிச்சைக்கான சங்கம் ஒன்று உருவானது. தொண்ணூறுகளின் இறுதியில் அதன் கிளையாக அண்டை அயலாரைக் கொண்ட வலைப்பின்னல் எழுந்தது. மலப்புறம் மாவட்டத்தில் அது ஆழ வேரூன்றியது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முன்வருபவர்களுக்குப் பயிற்சி. பின்னர் தம் சுற்றுவட்டாரத்தில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைச் சென்று காணுதல். செலவின் பெரும்பகுதியை உள்ளூர் மக்களின் சிறுசிறு நன்கொடைகள் தாங்கின. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது.

அந்த வலைப்பின்னலின் வேலைப் பிரிவினைதான் இங்கே பாடம். மார்பின் அளவைத் தீர்மானிப்பவர் மருத்துவர். புண்ணுக்குக் கட்டுப்போட்டு, சிறுநீர்க் குழாய் மாற்றுபவர் பயிற்சி பெற்ற செவிலியர். அவருக்குச் சம்பளம் உண்டு. தன்னார்வலர் நோயாளியின் அருகே அமர்கிறார், பேச்சைக் கேட்கிறார், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்கிறார், பிள்ளையின் படிப்பு நின்றுவிடாமல் வழி தேடுகிறார். சம்பளம் பெறும் பணியாளரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் தன்னார்வலர் அமர்த்தப்படவில்லை. எந்தச் சம்பளப் பணியாளரும் தர இயலாத ஒன்றைத் தருவதற்காக அவர் அங்கே இருக்கிறார். வாரத்தின் இரண்டு மணி நேரத்தை அவரே தேர்ந்தெடுக்கிறார். வர இயலாவிட்டால் வேறொருவர் வருவார். பணியின் சுமை ஒரு பெண்ணின் முதுகில் அன்றி, ஓர் ஊரின் தோளில் இருக்கிறது.

2018 வெள்ளத்தின்போது கேரளக் கடற்கரையிலிருந்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்ததும் இவ்வகையே. அந்தத் தீரத்தைக் கண்டபின் எந்த அரசும் மீனவரைக் கௌரவத் தன்னார்வலர் என்று பெயரிட்டு ஆண்டு முழுவதும் மீட்புப் பணிக்கு நிறுத்தவில்லை. அப்படிச் செய்திருந்தால் ஊர் சிரித்திருக்கும். ஆஷாவின் விஷயத்தில் ஊர் ஏன் சிரிக்கவில்லை என்பது யோசிக்கத் தக்கது.

எதிர்வாதங்கள் இரண்டு வழக்கமாக எழும். பணம் நுழைந்தால் பரிவு வெளியேறும் என்பது முதலாவது. இதற்குத் துணையாக ரிச்சர்ட் டிட்மஸ் இரத்த தானம் பற்றி 1970இல் எழுதிய நூல் எடுத்துக்காட்டப்படும். விற்கப்படும் இரத்தத்தைவிடக் கொடையாக வரும் இரத்தமே சமூகத்துக்கு நல்லது என்பது அவர் வாதம். அதை ஏற்பதில் தடையில்லை. ஆனால் கொடையாளரின் கையில் ஊசி ஏற்றியவர் சம்பளம் பெற்றார். இரத்தத்தைப் பரிசோதித்தவரும், குளிர்பெட்டியில் காத்தவரும் சம்பளம் பெற்றனர். கொடை சாத்தியமாவதற்கு ஊதியம் பெறும் ஓர் அமைப்பு அடித்தளமாக நிற்க வேண்டும் என்பதை டிட்மஸை மேற்கோள் காட்டுவோர் வசதியாக மறந்துவிடுகின்றனர். ஆஷா இரத்தம் கொடுப்பவர் அல்லர்; அமைப்பைத் தாங்குபவர்.

நிதி இல்லை என்பது இரண்டாவது. ஒன்றிய அரசு சுகாதாரம் மாநிலப் பொருள் என்கிறது. மாநில அரசு இது ஒன்றியத் திட்டம், தொழிலாளராக அங்கீகரிக்க வேண்டியது தில்லி என்கிறது. திருவனந்தபுரத்துப் போராட்டம் நெடுகிலும் இந்தப் பந்தாட்டமே நடந்தது. இரு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன: பணி தேவை. தேவையான பணிக்கு இன்றும் ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த ஒருவர் அரசாக இல்லாமல் ஆஷாவாக இருக்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு. எனவே நிதி இல்லை என்பதை, செலவு ஏழைப் பெண்ணின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று திருத்தி வாசிக்க வேண்டும்.

இதில் பல்கலைக்கழகங்களுக்கும் பங்கு உண்டு. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இன்று மாணவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரத்தை நிறைவுசெய்து சான்றிதழ் பெறுகிறார். 2020இல் பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டை மதிப்பலகுகள் கொண்ட பாடமாகவே வகுத்தது. மாணவர் ஊருக்குச் செல்வது நல்லது. எத்தனையோ பேரை அது மாற்றியிருக்கிறது. ஆனால் வருகைப்பதிவும் மதிப்பலகும் புகைப்பட அறிக்கையும் சேர்ந்த ஒன்றைத் தன்னார்வம் என்று பதினெட்டு வயதில் கற்பவர், பிற்காலத்தில் அதிகாரியாகி அதே சொல்லை அரசாணையில் எழுதும்போது அவருக்கு உறுத்துவதில்லை.

ஆய்வுலகின் பங்கு இன்னும் நேரடியானது. ஊரக நலம் குறித்த களஆய்வுகளில் எத்தனையோ ஆஷாவின் தோளில் ஏறியே நடக்கின்றன. எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று சொல்பவர் அவர். அந்நியரை வாசல்வரை அழைத்துச் செல்பவர் அவர். கேள்வியை வட்டார வழக்கில் பெயர்த்துச் சொல்பவரும் அவர். ஆய்வேட்டில் நன்றியுரையின் ஒரு வரி அவருக்குக் கிடைக்கும். பின்னர் அதே ஆய்வேடு ‘சமூக மூலதனம்’, ‘பங்கேற்பு’, ‘சமூகத் தன்னார்வலர்கள்’ என்று இயல்பாக எழுதிச் செல்லும். பெயரிடுதல் ஒரு செயல் என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். ஆய்வேடு அரசின் சொல்லை மேற்கோள் குறியின்றி ஏற்கும்போது, அது விவரிப்பதோடு நிற்காமல் அரசின் பக்கம் சாட்சியும் சொல்கிறது.

செய்ய வேண்டியவை எளியவை. ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரை ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் பணியாளர் என்றே எழுத வேண்டும். தன்னார்வலர் என்பதை அரசு தரும் பெயராக மட்டுமே சுட்ட வேண்டும். அவர்களுடைய நேரத்தைப் பயன்படுத்தும் களஆய்வு தன் நிதிநிலைத் திட்டத்தில் அதற்கான ஊதியத்தை முதலிலேயே எழுத வேண்டும். நெறிமுறைக் குழுக்கள் அதைக் கேட்க வேண்டும். 2013ஆம் ஆண்டு மாநாட்டின் பரிந்துரையை நிறைவேற்றுமாறு ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் குரல் கொடுக்க வேண்டும். தம் ஊதியக் குழுவுக்காக வீதிக்கு வரத் தெரிந்த பேராசிரியர்களுக்கு இது கடினமான பாதை அன்று.

தன்னார்வம் அரிய பொருள். நோயாளியின் கட்டிலருகே ஊதியமின்றி அமரும் ஒருவரின் இரண்டு மணி நேரத்துக்கு விலை இல்லை. விலை வைக்கவும் கூடாது. அந்தச் சொல்லின் தூய்மையைக் காக்க விரும்புவோர் முதலில் அதை அரசின் செலவுக் கணக்கிலிருந்து மீட்க வேண்டும். ஊதியம் பெறும் உரிமை ஆஷாவுக்கு உறுதியான பிறகு, பணி முடிந்த மாலையில் அவர் பக்கத்து வீட்டு முதியவளைப் பார்க்கப் போவாரானால், அன்று அவரைத் தன்னார்வலர் என்று அழைக்கலாம்.